நாலு மடிப்புத் துண்டு

தர்மனின் வலது தோளில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காய்ப்பு உண்டு. கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தபோது பரிசோதனை செய்த டாக்டர் அதை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்து, "இது என்னப்பா கட்டி? எப்பலேர்ந்து இருக்கு?" என்று முகம் சுளித்தார். "கட்டி இல்ல சார், பெருமாளு" என்றான் தர்மன். டாக்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். வேலைக்குத் தகுதி என்று எழுதியும் கொடுத்தார். தோள் எப்படி இருந்தால் கம்பெனிக்கு என்ன? அதற்கு வேண்டியது இரண்டு கை.

ஓரிக்கையைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர் அவனுடையது. ஊரில் ஒரு பெருமாள் கோயில். காஞ்சிபுரத்துப் பெரிய கோயில் மாதிரி கூட்டம் சேராது. ஆனாலும் வைகாசியில் கருட சேவை உண்டு. கருட வாகனத்தை இரண்டு நீளமான மரத் தண்டுகளின் மேல் கட்டி, முன்னால் எட்டுப் பேர், பின்னால் எட்டுப் பேர் தோள் கொடுத்து வீதி சுற்றுவார்கள். தர்மன் மீசை முளைக்கும் வயதில் தோள் கொடுக்க ஆரம்பித்தவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். அவனுடைய அப்பா பார்த்துவந்த இன்னொரு வேலையும் அவன் தலையில் விழுந்திருந்தது. அதற்கு மடிப்பு வைப்பது என்று பெயர்.

பதினாறு பேரும் ஒரே உயரமாக இருக்க மாட்டார்கள். நெட்டையன் தோளில் தண்டு அழுந்தும், குட்டையன் தோளைத் தொடாமலே போகும். அதனால் யார் தோளில் துண்டை எத்தனை மடிப்பாகப் போடுவது என்று ஒருவன் பார்த்துச் சொல்ல வேண்டும். நெட்டையனுக்கு ஒற்றை, குட்டையனுக்கு நாலு. மடிப்பு சரியாக விழுந்துவிட்டால் பாரம் எல்லாத் தோளிலும் சமமாக இறங்கும். அதன் பிறகு யாரும் புலம்பக் கூடாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. உற்சவச் செலவை ஏற்றுக்கொள்கிற பெரிய மனிதர் சில சமயம், "நானும் தோள் குடுக்கறேன்" என்று ஆசைப்படுவார். காசு கொடுத்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவரைத் தண்டுக்கு நடுவில் கூடுதல் ஆளாக நுழைத்துவிட்டு, அவருக்கு முன்னால் நிற்பவனுக்கும் பின்னால் நிற்பவனுக்கும் ஒரு மடிப்பு அதிகம் வைத்துவிடுவார்கள். தண்டு அவர் தோளுக்கு ஒரு விரற்கடை மேலேயே போகும். அவர் தண்டைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெருமாளையே சுமப்பதாக நினைத்து நடந்து வருவார். இறங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் இருக்கை செய்கிற கம்பெனி ஒன்றில் தர்மனுக்கு வேலை. அந்தப் பதினாறு பேரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை, எல்லோரும் ஒப்பந்தம். நிரந்தரத் தொழிலாளிக்குச் சாம்பல் நிறச் சட்டை, ஒப்பந்தக்காரனுக்கு நீலச் சட்டை. செய்கிற வேலை இரண்டு பேருக்கும் ஒன்று. தர்மன் எட்டு வருஷமாக நீலச் சட்டை. ஒவ்வொரு தீபாவளிக்கும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று ஒரு இனிப்புப் பெட்டியையும் சேர்த்துக் கொடுப்பார்கள். போன வருஷம் பெட்டியின் மேல் "நாம் ஒரே குடும்பம்" என்று அச்சடித்திருந்தது. குடும்பத்தில் யார் பிள்ளை, யார் பண்ணையாள் என்று மட்டும் அச்சடிக்கவில்லை.

அவன் மனைவி கிருஷ்ணவேணி வீட்டுத் தறியில் கூலிக்குப் பட்டு நெய்கிறவள். குழியில் காலைத் தொங்கவிட்டு மிதி மிதித்து அவளுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது. தர்மன் நிரந்தரமாகிவிட்டால் கம்பெனி செலவில் அவளுக்கு வைத்தியம் பார்க்கலாம். சாம்பல் சட்டையை அவன் வேறு எதற்காகவும் ஆசைப்படவில்லை.

2008 கடைசியில் அமெரிக்காவில் ஏதோ பாங்கு விழுந்துவிட்டது. உடனே ஸ்ரீபெரும்புதூர் கான்டீனில் புதன்கிழமை முட்டையை நிறுத்திவிட்டார்கள். சம்பள உயர்வு இல்லை, ஓவர்டைம் இல்லை. நிர்வாக இயக்குநர் முரளீதரன் எல்லோரையும் மைதானத்தில் கூட்டி வைத்துப் பேசினார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், படித்துப் பெரிய ஆளாகிச் சென்னையில் இருந்தார். "இது தியாகம் பண்ண வேண்டிய நேரம். நானும் தியாகம் பண்றேன். இனிமே ஆபீஸ் மீட்டிங்ல முந்திரி பிஸ்கட் கிடையாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். கூட்டத்தில் யாரோ "ஐயோ பாவம்" என்று முனகியது முன்வரிசை வரைக்கும் கேட்டது.

அடுத்த சித்திரையில் ஓரிக்கை டீக்கடைக்கு வந்த பேப்பரில் எந்தெந்த நிர்வாகி என்ன சம்பளம் வாங்குகிறார் என்று ஒரு செய்தி. அதில் முரளீதரன் பெயரும் இருந்தது. வருஷத்துக்கு இரண்டே கால் கோடி. போன வருஷத்தைவிட அறுபது லட்சம் அதிகம். நெருக்கடியைத் திறமையாகச் சமாளித்ததற்காகப் போர்டு கொடுத்த பரிசாம். தர்மனோடு வேலை செய்கிற, தர்மனோடு தண்டு தூக்குகிற ஆனந்தராஜ் அதைத் தன் கூலியோடு வகுத்துப் பார்க்கலாம் என்று செல்போனை எடுத்தான். பாதியிலேயே அசிங்கமாக இருக்கிறது என்று பையில் போட்டுக்கொண்டான்.

"என் முட்டையும் அதுலதான்ணா கீது" என்றான் தர்மனிடம்.

"உன் முட்டை மட்டுமாடா? எல்லாரு முட்டையும்தான்" என்றான் தர்மன். டீ கசந்தது.

அந்த முரளீதரனுக்குத்தான் அந்த வைகாசியில் பக்தி பொங்கியது. தர்மன் ஊர்க் கோயில் அவருடைய அம்மா வழிக் குடும்பம் கைங்கர்யம் செய்த கோயிலாம். இத்தனை வருஷம் அது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. கருட சேவைச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார். தோளும் கொடுப்பாராம். டிவிக்காரர்கள் வருவார்களாம்.

எச்.ஆர். மேனேஜர் திருஞானசம்பந்தம் தர்மனைத் தேடிக்கொண்டு கான்டீனுக்கே வந்தார். எட்டு வருஷத்தில் அவர் தர்மனை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

"தர்மன், நீதான் அங்க பல்லக்குத் தூக்கற டீமுக்கு லீடராமே?"

"பல்லக்கு இல்ல சார், வாகனம். லீடர்லாம் யாரும் இல்ல. நான் மடிப்பு வைக்கறவன்."

"அதான்பா, அதான். எம்.டி. சார் தோள் குடுக்கறார் இல்ல? சாருக்குப் பழக்கம் கிடையாது. பார்க்கறவங்களுக்குத் தூக்கற மாதிரி இருக்கணும். ஆனா மறுநாள் தோள் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. புரியுதா?"

"அதுக்கு வழி இருக்குது சார்" என்று பழக்கத்தைச் சொன்னான் தர்மன். சம்பந்தம் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "பிரமாதம்! நீ இதைப் பார்த்துக்கோ. உன் பர்மனென்ட் ஃபைலை நான் பார்த்துக்கறேன். ஆனி பொறக்கறதுக்குள்ள உனக்குச் சாம்பல் சட்டை. என் பொறுப்பு."

வீட்டில் சொன்னபோது கிருஷ்ணவேணி தறியை நிறுத்தினாள். "ஒரு மடிப்புக்கா?"

"ஆமா. ஒரு மடிப்புக்கு."

"எட்டு வருஷம் ஒழைச்சதுக்குக் குடுக்காதவனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி மிதியை மிதித்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சொல்வாள்?

ஆனந்தராஜுக்குத்தான் ஆத்திரம். "நம்ம தலையில ஏறி ஒக்காந்துக்கினு கீறாரு. தோள்லயும் சும்மா வரணுமா? பாரத்த எறக்கி உடுண்ணா. ஒரு தெரு நடந்து பாக்கட்டும்" என்றான்.

"வாய மூடுடா. பெருமாள் வாகனம் ஆடினா யாரு பதில் சொல்றது?" என்று தர்மன் அதட்டினான். பெருமாளைச் சொல்லித் தன் சாம்பல் சட்டையை மறைத்துக்கொள்கிறோம் என்று அவனுக்கே தெரிந்தது. அவனுக்கு அவன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

கருட சேவை அன்று காலையில் முரளீதரன் காரிலிருந்து இறங்கினார். பட்டு வேஷ்டி, பளபளவென்று உடம்பு, அப்போதுதான் இட்ட பன்னிரண்டு நாமம், இடுப்பில் செல்போன். ஆள் குட்டை. அவர் தோளைத் தர்மன் ஒரு பார்வை பார்த்தான். ஒரு மூட்டை, ஒரு குடம், ஒரு பிள்ளைகூட உட்கார்ந்த தடம் இல்லாத தோள். பட்டு அங்கவஸ்திரத்தை ஒற்றையாக அதன் மேல் போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி ரமாமணி, "ஜாக்கிரதைன்னா, முடியலேன்னா உடனே விட்டுடுங்கோ" என்றாள். தண்டுக்காரர்கள் அதைக் கேட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

தண்டின் முன்பக்கத்தில் தர்மனுக்கும் ஆனந்தராஜுக்கும் நடுவில் அவரைக் கூடுதல் ஆளாக நிறுத்தினார்கள். தர்மன் தன் துண்டில் ஒரு மடிப்பு ஏற்றிக்கொண்டான், ஆனந்தராஜுக்கும் ஏற்றினான். ஆனந்தராஜ் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. "கோவிந்தா" என்ற குரலோடு வாகனம் எழுந்தது. தர்மன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தபோது, தண்டுக்கும் அந்தப் பட்டு அங்கவஸ்திரத்துக்கும் நடுவே எதிர்த் தெரு வெயில் தெரிந்தது. முரளீதரன் கண்ணை மூடியிருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அவர் விட்ட பாரத்தையும் சேர்த்துத் தர்மனின் காய்ப்பு தாங்கிக்கொண்டு போயிற்று. டிவிக்காரன் பின்னாலேயே நடந்து படம் எடுத்தான்.

மேலத் தெரு முனையில் தண்டுக்கு முட்டுக் கொடுத்து வாகனத்தை நிறுத்துவது வழக்கம். அங்கே பந்தல், பானகம், ஒலிபெருக்கி. யாரும் கேட்காமலே முரளீதரன் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் பாரம் பாரம்னு சொல்றா. நானும் பயந்துண்டேதான் வந்தேன். சத்தியமா சொல்றேன், பாரமே தெரியல. பஞ்சு மாதிரி இருந்தது! அப்போதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. பாரம் தோள்ல இல்லை, மனசுல இருக்கு. நம்ம ஃபேக்டரி பசங்க நிறையப் பேர் இங்கே நிக்கறா. அவாளுக்கும் அதைத்தான் சொல்லிக்கறேன். கஷ்டமான வருஷம். இன்கிரிமென்ட் இல்லை, அது இல்லை, இது இல்லைன்னு முணுமுணுக்கப்படாது. நாம எல்லாரும் ஒரே தண்டைத்தான் தூக்கறோம். பக்தியோட தூக்கினா எதுவுமே பாரமில்லை."

ஊர்ப் பெரியவர்கள் கை தட்டினார்கள். சம்பந்தம் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்.

தர்மன் பானகத்தைக் குடிக்காமல் கீழே வைத்தான். அவன் தோள் எரிந்துகொண்டிருந்தது. தன்னுடையதைச் சுமந்து எரிந்தால் அவன் கவலைப்பட்டிருக்க மாட்டான். அந்த ஆளுடையதையும் சுமந்து எரிந்தது. அந்த ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எரிகிறது என்று சொல்லக்கூடாது என்கிறார். இரண்டே கால் கோடியை வாங்கிக்கொண்டு முட்டையைப் பிடுங்கியபோதுகூட அவனுக்கு இத்தனை கேவலமாகத் தோன்றவில்லை. பஞ்சாம்!

"பஞ்சாமேண்ணா" என்றான் ஆனந்தராஜ், மெதுவாக.

ஒரு நிமிஷம் கிருஷ்ணவேணியின் முழங்கால் தர்மன் கண்முன் வந்தது. சாம்பல் சட்டை வந்தது. இனி அது கிடைக்காது என்று நன்றாகத் தெரிந்தேதான் எழுந்து முரளீதரனிடம் போனான்.

"சார், அடுத்தது பெரிய தெரு. ஜனங்க அங்கதான் ஜாஸ்தி. அங்கயும் நீங்களே தோள் குடுங்க. என் எடத்துல நில்லுங்க."

"உன் இடத்துலயா?"

"ஆமா சார். பதினாறுல ஒருத்தரா."

முரளீதரன் டிவிக்காரனை ஒரு பார்வை பார்த்தார். முகம் மலர்ந்தது. "பெருமாள் கூப்பிடறார்னா நான் யார் மாட்டேன்னு சொல்ல!" என்றார். சம்பந்தம் தர்மனின் முதுகில் தட்டிக் கொடுத்தார். விஷயம் தன் கையைவிட்டுப் போகிறது என்று அந்த மனுஷனுக்குப் புரியவில்லை.

தர்மன் தன் துண்டை எடுத்து உதறினான். வேர்வையில் நனைந்து, கறுத்து, கூட்டத்தின் நடுவே வாடை அடித்தது. அதை நாலாக மடித்தான். குட்டையானவனுக்கு வைக்கிற மடிப்பு அதுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முரளீதரனின் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து ரமாமணி கையில் கொடுத்துவிட்டு, துண்டை அவர் தோளில் பதித்து வைத்தான். பரிவட்டத்துக்குக் குனிகிற மாதிரி அவர் தலையைக் குனிந்து கொடுத்தார்.

"இதுவும் மரியாதையா?" என்று கேட்டார்.

"ஆமா சார். தூக்கறவனுக்கு உண்டான மரியாதை."

பிறகு தர்மன் ஆனந்தராஜைப் பார்த்தான். ஆனந்தராஜ் தன் துண்டிலிருந்த கூடுதல் மடிப்பை உதறி எடுத்தான். யாரும் முழங்காலை மடக்கவில்லை, யாரும் தோளைத் தாழ்த்தவில்லை. பதினைந்து பேரும் வருஷா வருஷம் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார்கள். தர்மன் தண்டுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு குரல் கொடுத்தான். வாகனம் எழுந்தது.

முரளீதரன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்தியில் வருகிற சத்தம் இல்லை. கண்கள், மூடுவதை விட்டுவிட்டு, அகலமாகத் திறந்துகொண்டன. ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றி நாமம் வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. பின்னால் ஆனந்தராஜ், "மனசுல வெச்சுக்காதீங்க சார், நடங்க" என்றான். பெரிய தெரு ஜனங்கள் கோவிந்தா கோவிந்தா என்று கூவிக்கொண்டிருந்தார்கள். முரளீதரன் மட்டும், "சம்பந்தம்! சம்பந்தம்!" என்று கூப்பிட்டார்.

சம்பந்தம் ஓடி வந்து தண்டைப் பார்த்தார், அவர் தோளைப் பார்த்தார், கையைப் பிசைந்தார். தோளை மட்டும் கொடுக்கவில்லை.

பத்து வீடு தள்ளி இருந்த பால் சொசைட்டி வாசல் வரைக்கும்கூட அவரால் வர முடியவில்லை. அவர் முழங்கால் மடிந்ததும் தர்மன் உள்ளே நுழைந்து, துண்டு இல்லாத வெறும் தோளைத் தண்டுக்கு அடியில் கொடுத்துவிட்டான். மேலே குடை அசையவில்லை. பெருமாள் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். முரளீதரன் தள்ளாடி நடந்துபோய்ச் சொசைட்டிப் படியில் உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, ரமாமணி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். டிவிக்காரன் கேமராவைக் கீழே இறக்கி வேறு பக்கம் பார்த்தான். படியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "சாருக்குப் பசியா?" என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை தர்மன் வேலைக்குப் போனபோது கேட்டிலேயே நிறுத்தி, எச்.ஆர். அறைக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை சம்பந்தம் உட்காரச் சொல்லவில்லை.

"சார் படுத்த படுக்கையா இருக்கார். தோள் வீங்கியிருக்கு. மனசாட்சி இருக்காய்யா உனக்கு? அவர் தோள்ல என்ன வச்சே?"

"அவர் பங்கு சார்" என்றான் தர்மன். "பதினாறு பேருல ஒருத்தர் பங்கு. அதுக்கு மேல குண்டுமணி அளவுகூட வைக்கல. நாங்க வருஷா வருஷம் தூக்கறதுதான்."

சம்பந்தம் கேட் பாஸுக்குக் கையை நீட்டினார். தர்மன் கழற்றிக் கொடுத்தான்.

"சார், என் துண்டு அவரோட போய்டுச்சு. கெடைச்சா ஆனந்தராஜு கையில குடுத்தனுப்புங்க."

துண்டு வரவில்லை. சாம்பல் சட்டையும் வரவில்லை. கிருஷ்ணவேணி ஒரு வாரம் அவனோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "நெஜமாவா சம்பந்தம் சம்பந்தம்னு கூப்ட்டாரு?" என்று கேட்டாள். அவன் அதே குரலில் கூப்பிட்டுக் காட்டினான். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. கால் வலி குறையவில்லை, குறைந்ததாகச் சொன்னால் பொய். ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக் கிடைத்ததில் தர்மன் அவளைப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் கொண்டுபோய் நிறுத்தி, மாத்திரை வாங்கிக் கொடுத்தான்.

மறு வருஷச் சித்திரையில் பேப்பரில் மறுபடி அந்தச் செய்தி வந்தது. முரளீதரனுக்கு மூன்று கோடி. புதன்கிழமை முட்டை இன்னும் திரும்பவில்லை என்று ஆனந்தராஜ் சொன்னான்.

வைகாசியில் அவர் கருட சேவைக்கும் வந்தார், செலவும் அவருடையதுதான். இந்தத் தடவை பந்தலில் மெத்தை போட்ட நாற்காலி, பக்கத்தில் ஃபேன். ஒலிபெருக்கிக்காரன் வழக்கப்படி, "உபயதாரர் தோள் கொடுக்க வரலாம்" என்று கூப்பிட்டான். முரளீதரன் சட்டென்று செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை. தர்மன் அவருக்கு நேராகத் திரும்பி நின்று, புதுத் துண்டை உதறி, எல்லோரும் பார்க்க நாலாக மடித்து ஒரு தரம் நீட்டிக் காட்டினான். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. தர்மன் அதைப் பிரித்து, தனக்கு வேண்டிய அளவுக்கு மடித்து, தன் தோளில் போட்டுக்கொண்டு தண்டுக்கு அடியில் போனான்.